கேக்குது, விளங்கேல்லை

“கேக்குது மகள், ஆனா விளங்கேல்லை.” அப்பா இதைச் சொல்லத் தொடங்கி இரண்டு வருசம். கவனமில்லாத மனுசன் என்று நாங்கள்தான் ஏசினோம். திருகோணமலை டச் பே கடற்கரை அலை கேக்குமாம், கோணேசர் கோயில் மணி கேக்குமாம், பேத்தி ‘சீனி’ என்றால் மட்டும் ‘தீனியா?’

போன கிழமை காது சோதித்தோம். தாளில் கேள்வியின் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை நேராகப் போய், பிறகு, கீச்சுச் சத்தங்களின் பக்கம் சரிந்து, 4000இல் பள்ளம். முப்பது வருசம் திருமலைக் கடலில் போட்டின் பின்பக்கம், என்ஜின் பிடியோடு இருந்தவர். காதுக்கு மெசின் போடலாம் என்றார்கள். யோசிக்கிறாராம்.

உட்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள். அதற்குள் ஓடும் மென்சவ்வை நீட்டினால் 35 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலம் கூட வராது. வாசல் பக்கம் ஒடுங்கி விறைப்பு, உள்ளே போகப்போக அகலித்துத் தொய்வு. சத்தம் அதில் அலையாக ஓடும். ‘ச்’ போன்ற கீச்சுச் சத்தம் வாசலுக்குக் கிட்டவே எழும்பி அடங்கிவிடும். கடலின் இரைச்சல் உள்சுற்று வரை போகும். அப்பாவுக்குப் பழுதானது வாசல் பக்கம். நாங்கள் கத்தினாலும் ‘ஈ’தான் பெரிசாகும், ‘ச்’ வராது.

இறந்தவர்களின் காதில் இந்த அலையை நுணுக்குக்காட்டியால் பார்த்தவர் பெக்கெசி என்ற விஞ்ஞானி. 1961இல் நோபல் பரிசு. யானைக் காதையும் விட்டுவைக்கவில்லை.

அலை ஓடும் விதத்தை அப்பாவுக்கு முற்றத்தில் கிடந்த வலைக்கயிற்றை உதறிக் காட்டினேன். “அப்ப எல்லா அலையும் வாசலாலதானே போகுது? வாசலில நிக்கிறவனுக்குத்தான் அடி” என்றார். அது மட்டும் காரணமில்லை, அந்தப் பக்கத்து மயிர்க்கலங்கள், அதாவது சவ்வின் மேலிருந்து அலையை உணரும் நுண்மயிர் உள்ள கலங்கள், இயல்பிலேயே நொய்தானவை. நான் திருத்தவில்லை.

செத்த மயிர்க்கலம் எங்களுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! 1988இல் வெளிவந்த சங்கதி. அப்பா கூட்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உதுகளுக்கு என்னத்துக்கு?”

பல்லியின் கதை வேறு. அதற்குச் சவ்வின் உதவி குறைவு. மயிர்க்கலத்தின் மயிர் கட்டையா நெட்டையா என்பதிலேயே பெரும்பாலும் சுருதி பிரியும். இதைச் சொல்லிக்கொண்டிருக்க, சுவரில் பல்லி சொன்னது. அம்மா வழக்கம்போல விரலால் மேசையில் தட்டினா.

அப்பா கேட்டார், “ஏனப்பா தட்டுறாய்?”