மலையேறிய ஊர்

செயின்ட் லூயிஸிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் வால்மேயர் வந்துவிடும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குப் படுகை. ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும். ஆற்றைத் தேடினேன், தெரியவில்லை. சில மைல் மேற்கே, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைக்கு அப்பால் ஓடுகிறது. பார்வையிலேயே படாத ஆறு இந்த ஊரை எப்படி மூழ்கடித்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

ஊருக்குள் நுழைந்தால் ஊரைக் காணோம். தெருக்கள் இருக்கின்றன, கட்டம் கட்டமாக, ஒழுங்காக. இருபுறமும் வெறும் புல்வெளி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள், ஒரு தண்டவாளம்.

1940களிலேயே இங்கே வெள்ளம் புகுந்திருக்கிறது. பிறகு கரையை உயர்த்திக் கட்டினார்கள். மக்களும் நம்பி இருந்துவிட்டார்கள். 1993 ஆகஸ்ட் 1 அன்று செயின்ட் லூயிஸில் ஆறு 49.58 அடி தொட்டது. அங்கே 30 அடியைத் தாண்டினாலே வெள்ளம் என்று கணக்கு. அதையொட்டி இங்கே கரையைத் தாண்டித் தண்ணீர் வந்தது. செப்டம்பரில் மறுபடியும். சுமார் 900 பேர் வாழ்ந்த ஊரில் பெரும்பாலான வீடுகள் சரிசெய்ய முடியாத நிலைக்குப் போய்விட்டன.

அப்போதைய மேயர் டென்னிஸ் நாப்லாக்கும் ஊர்க்காரர்களும் எடுத்த முடிவுதான் வால்மேயரைப் பேச வைத்தது: ஊரையே பெயர்த்து மேலே கொண்டுபோவது. இரண்டு மைல் தள்ளி, சுமார் 400 அடி உயரத்தில், 500 ஏக்கர் வாங்கினார்கள். கீழே இருந்த வீடுகளை அரசுப் பணத்தில் விலைக்கு வாங்கி இடித்தார்கள். அந்த மனைகளில் இனி வீடு கட்டக் கூடாது, திறந்த வெளியாகவே கிடக்க வேண்டும் என்பது நிபந்தனை. புல்வெளிக்குக் காரணம் அதுதான்.

மேலே ஏறினேன். வளைந்து செல்லும் அகலமான சாலைகள், பள்ளிக்கூடம், தேவாலயங்கள், பெரிய பெரிய கராஜ் வைத்த வீடுகள். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பழைய ஊரைவிட அதிகம். ஆனால் அரை மணி நேரம் சுற்றியும் தெருவில் நடந்துபோகும் ஆள் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. கீழே தெருக்கள் குறுகல், எல்லாம் நடந்துபோகும் தூரம். மேலே பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டும் போல. பாதுகாப்பான ஊர்தான், எனக்கென்னவோ ஆளில்லாத கீழ்த்தெருதான் பிடித்தது. வெள்ளம் பார்க்காதவன் சொல்வது சுலபம், அதுவும் தெரிகிறது.

பாறையின் வயிற்றுக்குள் இன்னொரு வால்மேயர் உண்டு. பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைக் கிடங்குகளாக மாற்றி, 'ராக் சிட்டி' என்று பெயர் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். வெயில், குளிர் எதுவும் எட்டாத இடம். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் முன்னாள் மத்திய அரசு ஊழியர்களின் பணிக் கோப்புகளை இங்கேதான் வைத்திருக்கிறது. வீட்டுப் பத்திரமும் கல்யாண ஆல்பமும் ஊறிப்போன ஊரில், யார் யாருடைய காகிதங்களோ ஈரம் படாமல் இருக்கின்றன.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒரு பாட்டியிடம், வால்மேயர் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"மேலேயா, கீழேயா?" என்று கேட்டார்.

இரண்டும் என்றேன். கீழே எந்தத் தெரு என்றார். பெயரை நான் கவனித்திருக்கவில்லை.