ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் மருந்தகக் கவுண்டருக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்கான சீட்டுகள் கூடுதலாக வரும். வேலூர் பக்கத்தில் மாசி வரைக்கும் இது நீடிக்கும். காரணம் ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருந்தால் கூச்சப்பட்டுக் காட்ட மாட்டார்கள். நேரத்தோடு கண்டுபிடித்து டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு 2 நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து ஊசியாக ஏற்றுவது பலன் தருகிறது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது.

இவ்வளவு நல்ல மருந்தை, விழுங்கும் விதம் சொல்லாமல் நீட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு பெண் திரும்பி வந்தார். "சார், எச்சி முழுங்கினாக்கூட நெஞ்சுக்குள்ள எரியுது." இரவு கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு அப்படியே படுத்திருக்கிறார். அது உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்தால் அந்த இடம் புண்ணாகிவிடும். "அக்கா, சாப்பிட்டுட்டு ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட போடுங்க, அரை மணி நேரம் படுக்காதீங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை. நம் பெண்கள் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள். அது டாக்ஸிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. கால்சியம், வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் மருந்து எல்லாமே அப்படித்தான். ஒரு வாரம்தானே, இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மருந்து சாப்பிடும்போது தோல் சீக்கிரம் கன்றிவிடும்.

குழந்தைக்குப் பல் கறுத்துவிடும் என்று பயந்து மாத்திரையைக் கொடுக்காமல் விடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் டெட்ராசைக்ளின் என்ற இதே வகைப் பழைய மருந்தின் காலத்தது. இந்தக் காய்ச்சலுக்குச் சில நாள் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினால் பல் அப்படிக் கறை படிவதாகத் தெரியவில்லை. காய்ச்சலை விட்டுவிடுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக இதற்குப் பதில் அசித்ரோமைசின் எழுதுவார்கள். அதனால் "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்டாக வேண்டும். பின்னால் வரிசை நிற்கும்போது எந்தப் பெண் அதற்கு வாய்திறந்து பதில் சொல்வார்? மருந்து விளக்கம் சொல்வதற்கென்று ஒரு தனி ஜன்னலும் ஒரு ஆளும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மழைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.