காதுக்குள் வைப்பதும் தண்ணீரில் போடுவதும் ஒரே பொருள்தான்

என் வேலை தண்ணீரிலிருந்து புளோரைடைப் பிரித்தெடுக்கும் பொருட்களைச் செய்வது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்கு முன்பல்லில் பழுப்புக் கோடுகள் இருக்கும், ரொம்ப வருஷம் குடித்த பெரியவர்களில் சிலருக்குக் கழுத்தும் முதுகும் இறுகிப் போயிருக்கும். பாறையில் இருக்கும் தாதுக்களிலிருந்துதான் புளோரைடு கரைந்து வருகிறது. போரை ஆழப்படுத்த ஆழப்படுத்த, பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது, அதில் சுண்ணாம்புச்சத்து குறைந்து பைகார்பனேட் கூடியிருந்தால் புளோரைடு இன்னும் அதிகமாகக் கரைந்திருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்த பிறகு நிறைய ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் போகிறது, அது பெரிய மாற்றம். ஆனால் குழாயில் வராத நாளில் மக்கள் திரும்பவும் அதே போரிடம்தான் போகிறார்கள். அந்த நாட்களுக்காகத்தான் நாங்கள் வேலை செய்கிறோம்.

நாங்கள் பயன்படுத்தும் பொருளின் பெயர் ஹைட்ராக்சிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது, நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் தாது கிட்டத்தட்ட இதுதான். இதன் படிகத்தில் ஹைட்ராக்சில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் புளோரைடு வந்து உட்கார்ந்துகொள்ளும். உடம்புக்குள் போன புளோரைடு எலும்பிலும் பல்லிலும் போய்ச் சேருவது இந்த ஈர்ப்பால்தான், அதே ஈர்ப்பை உடம்புக்கு வெளியே ஒரு பாத்திரத்துக்குள் நடத்திவிட்டால் தண்ணீர் சுத்தமாகும். கென்யா, தான்சானியா மாதிரி நாடுகளில் மாட்டு எலும்பைக் காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்கி இதே வேலைக்கு வைத்திருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. நம் ஊரில் அதைக் கொண்டுபோய்க் குடிதண்ணீரில் போட முடியாது. ஒரு கிராமத்தில் நாங்கள் வெள்ளைப் பொடியைக் காட்டியதும் ஒரு பாட்டி கேட்ட முதல் கேள்வியே "ஏம்ப்பா, இது எலும்பா?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. தான் குடிக்கும் தண்ணீருக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

அதனால் நாங்கள் ஆய்வகத்திலேயே செய்கிறோம். சுண்ணாம்பைக் கரைத்து, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் (அமில, கார அளவு) இறங்காமல் பார்த்துக்கொண்டு, கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் விகிதம் 1.67 வரும்படி நிறுத்த வேண்டும். சில சமயம் நாமக்கல்லிலிருந்து முட்டை ஓடு மூட்டையாக வரும், அதைக் கழுவி 900 டிகிரியில் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். உள்சவ்வு சரியாக உரியாத மூட்டை வந்துவிட்டால் அன்றைக்கு மொத்தக் கட்டடமும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஆனால் முட்டை ஓட்டுப் பொடியை ஊருக்குக் கொண்டுபோவதில்லை, பாட்டியின் கேள்விக்குக் கூச்சமில்லாமல் பதில் சொல்லக்கூடிய பொடியைத்தான் கொண்டுபோய் வீட்டு பில்டர்களில் போடுகிறோம்.

இப்படியிருக்கும்போது ஒரு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைத் துறையோடு சேர்ந்து ஒரு கூட்டு ஆய்வு வந்தது. காது அறுவை செய்கிறவர்களுக்கும் ஹைட்ராக்சிஅபடைட் பழைய சிநேகிதம். நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் வரிசையாக இருக்கின்றன, அதில் அங்கவடி 3 மில்லிமீட்டர் அளவுதான், உடம்பிலேயே சின்ன எலும்பு. வருஷக்கணக்கில் சீழ் வடியும் காதில் பட்டடை எலும்பின் நீண்ட நுனிதான் பெரும்பாலும் முதலில் அரிக்கப்படும், ஏனென்றால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. நுனி போய்விட்டால் சங்கிலி அறுந்தது மாதிரி, செவிப்பறை அதிர்ந்தாலும் சத்தம் உள்ளே போய்ச் சேராது. அந்த இடைவெளியை நிரப்ப நோயாளியின் சொந்த எலும்பையே செதுக்கி வைப்பார்கள், அதற்கு வழியில்லாதபோது டைட்டானியத்திலோ ஹைட்ராக்சிஅபடைட்டிலோ செய்த துண்டை வைப்பார்கள். 1980களிலிருந்து இந்தப் பொருள் காதுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வரவழைக்கும் துண்டுகளின் விலை அரசு ஆஸ்பத்திரி நோயாளிக்குக் கட்டாது, நம்மால் இங்கே செய்ய முடியுமா என்பதுதான் அந்தத் துறை எங்களிடம் கேட்டது.

அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு நன்றாக உறைத்தது. அவர்களுக்கு வேண்டியது நான் செய்கிற பொருளுக்கு நேர் எதிரானது, பெயர் மட்டும்தான் ஒன்று. தண்ணீருக்கு நான் செய்யும் பொடி படிகம் சரியாகத் திரளாமல், நொறுங்கலாக, பரப்பு அதிகமாக இருக்க வேண்டும், வருகிற புளோரைடையெல்லாம் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். காதுக்குள் வைப்பதை அழுத்தி 1200 டிகிரி வாக்கில் சூளையில் வைத்துக் கெட்டியாக்க வேண்டும், அது யாரிடமும் எதையும் வாங்கவும் கூடாது கொடுக்கவும் கூடாது, பத்து இருபது வருஷம் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். அதே சமயம் ரொம்பக் கெட்டியாகிவிட்டால் அறுவை மேஜையில் டாக்டர் வைர முனை டிரில்லால் அளவு குறைக்கும்போது படக்கென்று உடைந்துவிடும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதில் மாதக்கணக்கில் போனது.

அறுவையைப் பக்கத்திலிருந்து பார்க்க அனுமதி கிடைத்தது. பெரும்பாலும் காது மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள், நோயாளி அரைத்தூக்கத்தில் இருப்பார், நடுவில் டாக்டர் "அம்மா, நான் பேசுறது கேக்குதா?" என்றால் பதில் வரும். மைக்ராஸ்கோப்பில் டாக்டர் பார்ப்பதைச் சுவரில் இருக்கும் திரையில் நாங்கள் பார்க்கலாம். காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்துக் காயவைத்து அதை வைத்துச் செவிப்பறையின் ஓட்டையை அடைப்பதையும், செயற்கைத் துண்டு பறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடாமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தட்டை வைப்பதையும் மணிக்கணக்கில் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் தப்பினால் மறுபடியும் எடுத்து வைக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆனால் என் வேலையை மாற்றியது அந்த அறுவை அறை இல்லை, அவர்களுடைய ரிவ்யூ நோட்டு. ஒவ்வொரு காதுக்கும் ஒரு பக்கம். அறுவைக்கு முன் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பதிவு), மூன்றாவது மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று, ஒரு வருஷம் கழித்து ஒன்று. காற்று வழியாகக் கேட்பதற்கும் எலும்பு வழியாகக் கேட்பதற்கும் இருக்கும் வித்தியாசம் 20 டெசிபலுக்குள் வந்திருந்தால் அறுவை நன்றாக நடந்திருக்கிறது என்று கணக்கு. வராத நோயாளிக்குப் போன் போகும், ஊரில் இல்லையென்றால் அண்ணனுக்குப் போகும். அறுவை அன்றைக்கு எவ்வளவு அழகாக நடந்தது என்பதை அந்த நோட்டில் யாரும் எழுதுவதில்லை. துறைத் தலைவராக இருந்த மேடம் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "சார், உங்க பில்டர் வச்ச வீடுங்களுக்கு எப்ப ரிவ்யூ?"

எங்கள் துறையில் அப்படி ஒரு சொல்லே புழக்கத்தில் இல்லை. மாசு நீக்கும் பொருட்களைப் பற்றி வருகிற ஆய்வுகளில் பெரும்பாலானவை காய்ச்சி வடித்த தண்ணீரில், சோடியம் புளோரைடைக் கரைத்து, பொடியைப் போட்டு, ஒரு நாள் குலுக்கி, ஒரு கிராம் எத்தனை மில்லிகிராம் பிடித்தது என்று அளப்பதோடு முடிகிறது. எவ்வளவு பெரிய எண் வருகிறதோ அவ்வளவு நல்ல இதழில் வெளியாகும். உண்மையான போர் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும், பிஹெச் 8க்கு மேலே இருக்கலாம், இரண்டுமே புளோரைடு ஒட்டுவதைக் கெடுக்கும், அந்தப் பெரிய எண் அங்கே நிற்காது. உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்து நுண்துளைகளோடு கட்டும் உலோக கரிமச் சட்டகங்களுக்கு 2025ல் வேதியியல் நோபல் கிடைத்தது, எனக்கும் சந்தோஷம்தான், அற்புதமான பொருட்கள். ஆனால் எந்தப் பொருளாக இருந்தாலும், ஒரு வீட்டின் சமையலறையில் ஆறு மாதம் இருந்த பிறகு அதன் நிலை என்ன என்று எழுதிவைக்க ஆள் வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் புளோரைடு, அதை 1க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் பிடிக்க வேண்டும். பொடி நிஜத் தண்ணீரில் கிராமுக்கு 3 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் நாளுக்கு 20 கிராம் செலவாகும், 3 கிலோ போட்ட பில்டர் 150 நாள் வரும். ஐந்து மாதம். அதற்குப் பிறகு மாற்ற வேண்டும், யார் மாற்றுவது? இந்தக் கேள்விக்கு ஆய்வுக் கட்டுரையில் இடம் கிடையாது, ஆனால் ஊரில் முதல் கேள்வியே இதுதான்.

சரி என்று நாங்களும் ரிவ்யூ ஆரம்பித்தோம். வீட்டுக்கு ஒரு அட்டை: தேதி, புளோரைடு அளவு, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம், கழுவுவது யார், போன வாரம் பில்டர் தண்ணீரா நேரடித் தண்ணீரா. அந்தக் கடைசிக் கேள்வியை உட்கார்ந்து நிதானமாகப் பேசினால்தான் உண்மையான பதில் வரும், காபி கொடுத்தால் குடிக்க வேண்டும், பேத்தி கல்யாணம் பற்றிக் கேட்க வேண்டும். ஆய்வு மாணவர்களில் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் இதில் ரொம்ப நன்றாகச் செய்தார்கள், மின்முனையைத் தண்ணீரில் வைத்துப் புளோரைடு அளவெடுப்பதைவிட இது கஷ்டமான திறமை என்று நான் நினைக்கிறேன்.

அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, பெரும்பாலான வீடுகளில் பில்டர் கைவிடப்பட்டது பொடியின் சக்தி தீர்ந்ததால் இல்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே ஓட்டம் குறைந்துவிடுகிறது. போரிலிருந்து வரும் மண்ணும் இரும்புத் துருவும் மணிமணியாக உருட்டிய பொடிக்கு மேலே சேறு மாதிரி படிந்து, ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் வேலைக்குப் போகிற பெண் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. புளோரைடு பிடிக்கும் திறனைப் பத்து சதவீதம் கூட்ட நாங்கள் பட்ட பாட்டைவிட மேலே மடித்துப் போட்ட பருத்தித் துணியும் அதை ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற பழக்கமும் அதிகப் பலன் கொடுத்தன. பொடி மாற்றும் வேலையை ஒரு ஊரில் மகளிர் சுய உதவிக் குழு எடுத்துக்கொண்டது, பழைய பையைக் கொடுத்துப் புதிய பை வாங்கிப்போகிற ஏற்பாடு, அங்கே மட்டும்தான் ஐந்தாம் மாதத்தைத் தாண்டிய அட்டைகள் நிறைய இருக்கின்றன.

காதுப் பக்கம் இன்னொரு சங்கதி, இதைச் சொல்லாமல் விட மனசில்லை. அங்கவடி எலும்பைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்ந்து அதை அசையவிடாமல் செய்யும் ஒரு நோய் இருக்கிறது, ஓட்டோஸ்கிளிரோசிஸ். 1956ல் அமெரிக்காவில் ஜான் ஷே அந்த எலும்பை எடுத்துவிட்டு டெப்லான் துண்டு வைத்துக் கேட்க வைத்தார். 1960களில் ஜார்ஜ் ஷாம்பா அதே நோய்க்குச் சோடியம் புளோரைடை மருந்தாகக் கொடுக்கலாம் என்று முன்வைத்தார், வேண்டாத எலும்பின் தாதுவில் புளோரைடு ஏறினால் அது கெட்டிப்பட்டு மேலே பரவாது என்ற எண்ணத்தில். எல்லோரும் ஒத்துக்கொண்ட வைத்தியம் இல்லை அது. ஆனாலும் நான் ஒரு மாவட்டத்தின் தண்ணீரிலிருந்து எடுக்கப் பாடுபடுகிற அதே பொருளை இந்த டாக்டர்கள் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதே தாதுவின் அதே இடமாற்றத்தை நம்பி. தண்ணீரிலிருந்து புளோரைடு முழுவதும் போய்விட வேண்டும் என்று யாராவது பேசினால் இதை நினைத்துக்கொள்வேன். எங்கள் இலக்கு 1, பூஜ்யம் இல்லை.

கூட்டு ஆய்வில் செய்த காதுத் துண்டுகள் இன்னும் விலங்குச் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கின்றன, மனிதர் காதுக்குப் போக அனுமதிகள் நிறைய பாக்கி. அதில் அவசரம் கூடாது என்று மேடம் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தண்ணீர்ப் பக்கத்தில் இப்போது எங்களைப் போட்டு உலுக்குவது பழைய பை. புளோரைடு பிடித்த பொடி மகளிர் குழு அறையில் மூட்டையாகச் சேருகிறது. படிகத்துக்குள் போன புளோரைடு லேசில் வெளியே வராது, மேற்பரப்பில் ஒட்டியிருப்பது காரத் தண்ணீர் பட்டால் வரும், அதனால் ஓடையோரம் கொட்டக் கூடாது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் மண்ணோடு கலந்து சுட்டுத் தருகிறேன் என்று முன்வந்தார், ஆனால் அந்தச் சூட்டில் புளோரைடு புகையாகப் போகலாம், சூளையில் நிற்பவர்கள் அதைச் சுவாசிக்க நேரும், அதனால் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சிமெண்டில் கலந்து சுடாமல் வார்த்த கற்கள் கொஞ்சம் செய்து துறைக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறோம், கீழே தட்டு வைத்து வழிகிற தண்ணீரைப் பிடிக்கிற மாதிரி. வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதன்மேல் பெய்யட்டும், மாதா மாதம் அளவெடுக்கிறோம், அதற்கும் ஒரு அட்டை போட்டாயிற்று.