கனிமப் பொடியும் இரண்டு புரதங்களும்: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3

ஹைட்ராக்ஸிஅபடைட் பொடியைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டு வைத்தாயிற்று. பத்துக் கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில். எலும்பிலும் பல் எனாமலிலும் இருக்கும் கனிமத்துக்கு மிக நெருக்கமான பொருள். அதன் மேல் இரண்டு புரதங்களை விடப்போகிறோம்: மாட்டுச் சீரத்தின் ஆல்புமின், கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம். பிஎச் 7.4-இல் முன்னது எதிர்மின்சுமை, பின்னது நேர்மின்சுமை.

புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அக்கா, வழக்கமா எடுக்கிற பாஸ்பேட் பஃபர்லயே கரைச்சா என்ன?" நல்ல கேள்வி. பஃபர் என்பது பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல். பாஸ்பேட் அயனியே கால்சியத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். புரதத்துக்கு இடம் குறையும். அதனால்தான் பாஸ்பேட் இல்லாத டிரிஸ் பஃபர்.

பிப்ரவரி 6

கலக்கி, சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் நீரில் மிஞ்சிய புரதத்தை 280 நானோமீட்டர் புறஊதா ஒளியில் அளந்தோம். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் பொடியின் மேல். ஒரே எடை எடுத்தாலும் லைசோசைம் ஆல்புமினைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியை உறிஞ்சும். காரணம், இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம்: லைசோசைமின் 129 அமினோ அமிலங்களுக்குள் ஆறு. ஆல்புமினின் 583-இல் இரண்டே இரண்டு. ஆகவே உறிஞ்சலைப் புரத அளவாக மாற்ற இரண்டுக்கும் தனித்தனி அளவுக்கோடு.

லைசோசைம் ஒட்டியதில் வியப்பில்லை. எங்கள் பொடிக்கு இந்த பஃபரில் லேசான எதிர் நிகர மின்சுமைதான். ஆனால் ஆல்புமினும் ஒட்டியிருக்கிறதே! எதிரும் எதிரும் விலகத்தானே வேண்டும்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பிப்ரவரி 7

கழுவல் மட்டும். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11

இன்று உப்புக் கரைசல். 1 மோலார் சோடியம் குளோரைடு ஊற்றியதும் லைசோசைம் பெரும்பாலும் இறங்கி வந்துவிட்டது. ஆல்புமின் ஏறக்குறைய அசையவே இல்லை. அப்புறம் பாஸ்பேட் ஊற்றினோம், அப்போதுதான் கிளம்பியது. அதிலும் கொஞ்சம் பொடியிலேயே தங்கிவிட்டது. ஒட்டியபின் புரதம் சற்றே உருமாறிப் படிந்துகொள்வதுண்டு. அப்படிப்பட்டதைப் பெயர்ப்பது எளிதல்ல.

ஸ்வீடனின் உப்சாலாவில் வேதியியலாளர் திசேலியஸும் சகாக்களும் 1956-இல் கால்சியம் பாஸ்பேட் நிரப்பிய குழாயில் புரதங்களைப் பிரித்தபோதே இந்தக் கனிமத்தின் குணம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. காரணத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது 1984-இல் கோர்புனாஃப் செய்த ஆய்வுகள். நேர்மின்சுமைப் புரதம் தன் அமினோ தொகுதிகளால் பரப்பின் பாஸ்பேட்டுகளை நாடுகிறது. அது வெறும் மின்கவர்ச்சி. உப்பு அதைத் தளர்த்திவிடும். ஆல்புமின் போன்ற அமிலப் புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகளோ நேராகக் கால்சியத்தோடு பிணைகின்றன. அதைக் கழற்ற கால்சியத்தை இன்னும் இறுகப் பிடிக்கும் பாஸ்பேட் போன்ற ஒன்று வேண்டும். மொத்த மின்சுமையை மட்டும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது பிடிபடவே பிடிபடாது. எந்தத் தொகுதி எந்த அயனிக்கு எதிரே வந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு.

தம்பி இரண்டு புரதங்களின் வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 18

வாசிப்பு நாள். உமிழ்நீரில் உள்ள ஸ்டாதெரின். 43 அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதம். ஆனால் அதன் தொடக்க முனையைப் பாருங்கள்: ஒரு அஸ்பார்டேட், பாஸ்பேட் ஏறிய இரண்டு செரின், இரண்டு குளூட்டமேட். ஐந்தும் வரிசையாக எதிர்மின்சுமை. பல் துலக்கிய சில நிமிடங்களுக்குள் எனாமல் மேல் படியும் மெல்லிய படலத்தில் இதுவும் ஒன்று. கால்சியம் பாஸ்பேட் மிகையாகக் கரைந்திருக்கும் உமிழ்நீரிலிருந்து கண்டபடி படிகம் வளராமல் தடுப்பதும் இதுதான். செரின்களின் பாஸ்பேட்டை நீக்கினால் பிடிப்பு தளர்கிறது.

எலும்பில் உள்ள ஆஸ்டியோகால்சின் என்ற புரதத்துக்கு வேறு வழி. அதற்கு வைட்டமின் கே உதவியால் கூடுதல் கார்பாக்சில் ஏறிய மூன்று குளூட்டமேட் உண்டு. பன்றியின் ஆஸ்டியோகால்சின் அமைப்பு 2003-இல் வெளியானபோது, அது பிடித்திருந்த கால்சியங்களின் இடைவெளி கனிமத்தின் கால்சியம் வரிசையோடு பொருந்தியது தெரியவந்தது.

அடுத்த வாரம் ஸ்டாதெரினின் அந்த முனையை மட்டும் பெப்டைடாக (குட்டி அமினோ அமிலச் சங்கிலியாக) வரவழைத்து, பாஸ்பேட் உள்ளதையும் இல்லாததையும் அதே பொடியில் விட வேண்டும். ஆல்புமினைப் போலவே முதலில் உப்பு, பிறகு பாஸ்பேட்.