ஒரே பேரு, ஒரே ஜனவரி 1, ஆனா ஆளு வேற

எங்க நைனா பேரு ஏழுமலை. வியாசர்பாடில தெருவுல நின்னு இந்த பேரை கூப்ட்டா நாலு பேரு திரும்புவாங்க, மேட்டரே அதான்.

அவருக்கு மணலில காண்ட்ராக்ட் வேலை, ரிட்டயர் ஆனதும் அவரோட பி.எஃப் காசு எடுக்கலாம்னு நான் உக்காந்தேன். ஆதார்ல ‘ழ’வுக்கு எல் போட்டு கடைசில எம்னு இனிஷியல், கம்பெனில இசட் எச் போட்டு இனிஷியல் முன்னாடி, பான் கார்டுல இனிஷியலை விரிச்சு எழுதணும்ல, அதனால தாத்தா பேரும் சேந்து முனுசாமி ஏழுமலை ஆயிட்டாரு. ஆதாரோட பேரு ஒத்துப்போகலன்னு சிஸ்டம் தள்ளிடுச்சு. நான் டேட்டா வேலை பாக்குறவன், சும்மா சவுண்டெக்ஸ்ல போட்டு பாத்தேன் (ஒலிய வெச்சு பேரை சேக்குற முறை, 1918லயே பேட்டன்ட் வாங்குனது). எல் போட்டா இ454னு ஒரு கோடு வருது, இசட் எச் போட்டா இ254, ரெண்டும் வேற வேற பேராம். நம்ம ழகரம் அதுக்கு எங்க தெரியப்போவுது.

இதாவது பரவால்ல. பி.எஃப் பாஸ்புக்க தொறந்தா ரெண்டு மெம்பர் ஐடி (கம்பெனிக்கு ஒண்ணா வர்ற பி.எஃப் கணக்கு நம்பர்)! ரெண்டாவது அம்பத்தூர் கம்பெனி, நைனா அந்த பக்கம் போனதே இல்ல. அங்க இன்னொரு ஏழுமலை, அதே வருஷம், அதே 01-01. ஆதார் கேம்ப்ல வயசு மட்டும் சொன்னவங்களுக்கெல்லாம் பொறந்த நாள் ஜனவரி 1 தான, எங்க தெருலயே பாதி பெருசுங்க அன்னிக்கு தான் பொறந்திருக்காங்க. பேரும் தேதியும் ஒத்துப்போவுதுன்னு யாரோ நைனா யுஏஎன் நம்பர்லயே (எத்தன கம்பெனி மாறினாலும் ஒரு ஆளுக்கு ஒரே பி.எஃப் நம்பர்) அவர சேத்துட்டாங்க போல. சொந்த ஆதார் ‘நீ அவன் இல்ல’ங்குது, யாரோட காசோ ‘நீதான்’ங்குது.

கம்முனு எடுத்துக்கோன்னு சொன்னவங்களும் உண்டு. நைனா ஒத்துக்கல, “அவனும் நம்மள மாதிரி லோடு தூக்குனவன் தான்டா”ன்னுட்டாரு.

பேரு திருத்தம் ஜாயின்ட் டிக்ளரேஷன்ல (நைனாவும் கம்பெனியும் சேந்து குடுக்குற ஃபாரம்) கம்பெனி கையெழுத்தோட முடிஞ்சிச்சு. அந்த இன்னொரு ஏழுமலை கணக்க பிரிக்கிறது தான் தாவு தீந்துபோச்சு, ஆபீஸ்ல ஆளு மாத்தி ஆளு ‘டீடெயில்ஸ் எல்லாம் மேட்ச் ஆவுதே சார்’னு அதையே சொல்றாங்க. ரெண்டு ஏழுமலைக்கும் அப்பா பேரு வேறன்னு காட்னேன், எழுத்துப் பிழையா இருக்கும்னாங்க. கடைசில பாஸ்புக்க பிரின்ட் எடுத்து மாசம் மாசமா கோடு போட்டேன், ஒரே மாசத்துல மணலிலயும் சந்தா, அம்பத்தூர்லயும் சந்தா, ரெண்டுமே முழு சம்பளத்துக்கு, அதுவும் ஒன்றரை வருஷத்துக்கு. ஒரு ஆளு எப்டி சார் ரெண்டு எடத்துல ஷிஃப்ட் பாப்பான்னு கேட்டதும் தான் அந்த மேடம் கண்ணாடிய போட்டுட்டு ஒழுங்கா பாத்தாங்க.

நைனா காசு வந்துடுச்சு. அந்த ஏழுமலைக்கு போய் சேந்துச்சான்னு தான் இன்னும் கேட்டுனே இருக்காரு.