வார்டு ஐயரும் எரியாத எழுத்துகளும்

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூர் என்றாலே, மிஷனரி வில்லியம் கேரி ஐயர்தான். அங்குள்ள கல்லூரியில் படித்த நம்மில் பலருக்கு அவருடைய தோழர் மார்ஷ்மன் பெயராவது நினைவிருக்கும். வில்லியம் வார்டு அந்த மிஷனரிகள் மூவரில் மூன்றாவது பெயர், அவ்வளவே. எனக்கு அதில் என்றும் உடன்பாடில்லை.

1769-இல் இங்கிலாந்தின் டார்பியில் பிறந்தவர். அச்சுத் தொழில் பழகி, பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார். 1793-இல் வங்காளத்துக்குக் கப்பலேறுமுன் கேரி இவரைச் சந்தித்து, வேதாகமத்தை அச்சிட உம்மைப்போல் ஓர் ஆள் தேவைப்படும் என்று சொல்லிவைத்தார். 1799 அக்டோபரில் வார்டு வந்து சேர்ந்தார். செராம்பூர் அப்போது டேனிஷ்காரர் ஊர். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கை அங்கே நீளவில்லை. 1801-இல் வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. இந்துக்களின் சமயம், பழக்கவழக்கங்கள் பற்றி 1811-இல் பெரிய நூலும் எழுதினார். உழைப்பு அபாரம், பார்வைதான் கடுமை. பின்னாளில் அமெரிக்கா வரை போய்க் கல்லூரிக்குப் பணம் திரட்டினார். 1823 மார்ச் 7-இல் காலரா கொண்டுபோயிற்று.

அவர் யாரென்று காட்டியது 1812 மார்ச் 11 மாலை. சுமார் 200 அடி நீள அச்சுக்கூடத்தில், காகிதம் அடுக்கிய மூலையிலிருந்து புகை. வார்டு கதவு சன்னல்களை அடைக்கச் சொல்லி, கூரையில் துளையிட்டுத் தண்ணீர் ஊற்றவைத்தார். காற்றில்லாமல் காகிதக்கட்டு கனலுமே தவிரக் கொழுந்துவிடாது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் அப்படியே அடங்கிக் கிடந்தது. யாரோ அவசரப்பட்டு ஒரு சன்னலைத் திறந்தார், முடிந்தது. நள்ளிரவில் கூரை விழுந்தது. கேரியின் பன்மொழி அகராதிக் கையெழுத்துப் பிரதியும் சாம்பல்.

பக்கத்து அறையில் இருந்த அச்சுப்பொறிகள் தப்பின. சாம்பலைக் கிளறியபோது, எழுத்து வெட்டிய எஃகு முளைகளும் கெடாமல் கிடைத்தன. ஈய எழுத்து முந்நூறு டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். எஃகு உருக அதைப்போல் நாலைந்து மடங்கு சூடு வேண்டும். முளை இருந்தால் போதும்: செம்பில் அறைந்தால் தாய் அச்சு, அதில் ஈயம் வார்த்தால் எழுத்து. உருகிக் கிடந்த ஈயத்தையே அள்ளி வார்த்தார்கள். முளைகளை இழந்திருந்தால், அச்செழுத்து வெட்டும் கைவினைஞர் பஞ்சானனரும் அவர் மருமகன் மனோகரரும் வருஷக்கணக்கில் வெட்டியதை மறுபடி முதலிலிருந்து வெட்டவேண்டும்.

மிஷனரி ஃபப்ரீஷியஸ் ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, கல்கத்தா வேதாகமச் சங்கத்துக்காக 1813-இல் செராம்பூரில் அச்சானது இப்படி வார்த்த எழுத்தில்தான்.