லக்சாவுக்குப் பெரிய நெருப்பு வேண்டாம்

“நீ சாப்பிடுவியா தம்பி இதை?” என்று அந்த அம்மா கேட்டார்.

“சாப்பிடுவேம்மா” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டு ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

நடந்தது இவ்வளவுதான். சத்தம் இல்லை, புகார் இல்லை, ஷெஃப் கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. நான் பயணிகள் கப்பலில் பார்த்த சமையல் வேலையை விட்டு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஆனாலும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போகும்போது லக்சா என்கிற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்புக்குப் போடும் லக்சா இலைக் கட்டு கண்ணில் பட்டால் அந்த “சரி” காதில் விழுகிறது. அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அன்று மத்தியானமே அவர் ஒரு தடவை வந்திருந்தார். கப்பலில் எங்கள் கடை இன்னும் திறக்கவில்லை. நான் முன்கவுண்டரில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்த மெனுவை நின்று படித்தார். அப்புறம் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, “தம்பி தமிழா?” என்றார். ஆமாம் என்றதும் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. கப்பலில் பஃபேயும் பெரிய டைனிங் ஹாலும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. எங்களுடைய ஆசிய உணவகத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். அதனால் கேட்டார்: “லக்சா இருக்குன்னு போட்டிருக்கு. நல்லா இருக்குமா, சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு நேத்திலேர்ந்து ஒண்ணும் இறங்கல. லக்சான்னா ரெண்டு வாய் சாப்பிடுவாரு.”

“நல்லா இருக்கும்மா, கூட்டிட்டு வாங்க” என்றேன்.

இந்த முதல் பதிலைப் பற்றி எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை, அல்லது அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். எந்தக் கடையிலும் சமையல்காரனைக் கேட்டால் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வான். அதைக் கேட்பவருக்கும் தெரியும். ராத்திரி கேட்டது வேறு. மத்தியானம் “சொல்லுங்க” என்று மரியாதையாகப் பேசியவர் ராத்திரி “நீ” என்றார். அது மரியாதைக் குறைவு இல்லை. வீட்டுப் பையனிடம் கேட்பது போலக் கேட்டார். அப்படிக் கேட்டவரிடம்தான் பொய் சொன்னேன்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கப்பூரில் காத்தோங் பக்கம் லக்சா சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், நூடுல்ஸைத் துண்டாக வெட்டித்தான் போடுவார்கள். கரண்டியாலேயே குழம்போடு அள்ளிச் சாப்பிடலாம், சாப்ஸ்டிக் தேவையில்லை. காய்ந்த இறாலை இடித்துப் போட்ட குழம்பு நாக்கில் லேசாக நறநறக்கும். மேலே சிப்பி, தாவ் போக் என்கிற பொரித்த டோஃபு, பொடிப்பொடியாக அரிந்த லக்சா இலை. எங்கள் கிண்ணத்தில் நூடுல்ஸ் முழு நீளம். சிப்பி கிடையாது. அரைவேக்காட்டுச் சிப்பிக்கு அந்தக் கிச்சனில் இடமே இல்லை, அது நியாயம்தான். லக்சா இலைக்குப் பதில் மூன்று கொத்தமல்லி இலை. குழம்பு நல்ல ஆரஞ்சு நிறத்தில் பட்டுத்துணி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். படம் எடுத்தால் அழகாக விழும். வாயில் வைத்தால் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் இனிப்பும்தான் தெரியும்.

அந்த ஐயா கரண்டியைக் கிண்ணத்துக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். எதையோ தேடுவது போல இருந்தது. ஒரு வாய் குடித்தார். நூடுல்ஸைக் கரண்டியின் ஓரத்தால் வெட்டிப் பார்த்தார், அது வழுக்கிக்கொண்டு போனது. மொத்தம் நான்கு கரண்டி இருக்கும். கவுண்டருக்கு உள்ளே நின்று எண்ணினேன். அப்புறம் கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து “நல்லாருக்கு” என்று தலையாட்டினார். மனைவி அவரையும் பார்த்தார், கிண்ணத்தையும் பார்த்தார், என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கப்பலில் ஏன் ஆசியச் சாப்பாடு சரியாக அமைவதில்லை என்று இப்போதும் யாராவது கேட்டால் நான் அடுப்பிலிருந்துதான் தொடங்குவேன். நான் வேலை பார்த்த கப்பலில் எரிவாயு கிடையாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை, அதனால் எல்லாம் மின்சாரமும் இண்டக்‌ஷனும். சீனச் சமையல்காரர்கள் ‘வோக் ஹே’ என்று சொல்கிற அந்தப் புகைவாசம், சட்டியின் ஓரத்தில் தீ ஏறி நூடுல்ஸைத் தொடும்போதுதான் வரும். இண்டக்‌ஷனில் சட்டியைத் தூக்கிக் குலுக்கினால் சூடே நின்றுவிடும், அடுப்பு பீப் பீப் என்று கத்தும். ஒரு ராத்திரிக்கு நூறு பேருக்கு மேல் வருவார்கள், உள்ளே நாங்கள் நான்கு பேர். க்வே தியாவ் என்கிற பட்டை அரிசி நூடுல்ஸை ஒட்டாமல் எடுத்தாலே பெரிய விஷயம்.

அடுத்து சுகாதார விதிகள். எங்கள் கம்பெனி எல்லாக் கப்பலிலும் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் கப்பல் விதிகளைத்தான் வைத்திருந்தது. அந்த ஆய்வில் 100க்கு 86 வாங்கினால்தான் தேர்ச்சி. குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 57 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். வெளியே வைத்ததை நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். தேங்காய்ப்பால் குழம்பை மணிக்கணக்கில் சூட்டிலேயே வைத்திருந்தால் திரிந்துவிடும். திரியாமல் இருக்கத்தான் அதில் கெட்டிப்படுத்தும் மாவு சேர்த்தார்கள். அந்தப் பட்டுத்துணி வழுவழுப்பு அதனால் வந்தது. இந்த விதிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் என்ன ஆகும் என்று பார்த்தவன் யாரும் குறை சொல்ல மாட்டான்.

இதையெல்லாம் நான் சரளமாகச் சொல்வேன். கேட்பவர்கள் ஓகோ என்பார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது க்வே தியாவ் இல்லை, லக்சா. லக்சாவுக்கு வோக் ஹே எதற்கு? அதற்கு வேண்டியது சின்னச் சூடும் நேரமும்தான். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், லெங்குவாஸ் (பேரரத்தை), செராய் (எலுமிச்சைப்புல்), பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது), காய்ந்த இறால் எல்லாம் அரைத்து, ரெம்பா என்கிற அந்த மசாலா விழுதை எண்ணெய் பிரிகிற வரைக்கும் வதக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் எங்கள் அம்மாவும் மீன் குழம்புக்கு “எண்ணெய் பிரிஞ்சு வரட்டும், அவசரப்படாதே” என்றுதான் சொல்வார். காய்ந்த இறாலும் எனக்குப் புதிதில்லை, ஊரில் கூனி போட்டுக் குழம்பு வைக்காத வீடு உண்டா? ஆக, கிண்ணத்தில் என்ன குறை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்களுக்கு ரெம்பா பாக்கெட்டில் வந்தது. வெட்டி ஊற்றிச் சூடாக்க வேண்டியதுதான். பெலாச்சான் சேர்த்தி இல்லை. வாசம் வெளியே போய்ப் பக்கத்து லவுஞ்ச்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எடுத்துவிட்டதாக ஷெஃப் சொன்னார். உலகம் முழுக்க ஓடுகிற எல்லாக் கப்பலுக்கும் ஒரே ரெசிப்பி கார்டு. அதனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலிலும் ‘சிங்கப்பூர் நூடுல்ஸ்’ இருந்தது. கறித்தூள் போட்ட அந்த மீஹூன், அதாவது மெல்லிய அரிசி நூடுல்ஸ், ஹாங்காங் பக்கத்துச் சமையல். இந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து முகத்தை முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஊரின் ஹாக்கர் கலாசாரத்தை, அதாவது பொதுச் சாப்பாட்டுக் கடைகளின் கலாசாரத்தை, 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட ஊரின் துறைமுகத்தில் நின்றுகொண்டு கொத்தமல்லி தூவிய கிண்ணத்தை லக்சா என்று கொடுத்தோம். கப்பல் துறைக்குப் பக்கத்தில் உள்ள மரினா சவுத் பியரில் ரயில் ஏறி, தோபி காட்டில் மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. அங்கே தேக்காவில் லக்சா இலை கட்டுக் கட்டாகக் கிடக்கும். ஆனால் வெளியே வாங்கியதைக் கப்பல் கிச்சனுக்குள் கொண்டுவரக் கூடாது, ஒப்பந்தக்காரர் மூலமாக வந்து வெப்பநிலை பார்த்துத்தான் உள்ளே ஏற வேண்டும்.

கடலில் நல்ல ஆசியச் சாப்பாடு முடியவே முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2003இல் ஓடத் தொடங்கிய கிறிஸ்டல் செரினிட்டி என்ற கப்பலில் பெயர்பெற்ற ஜப்பானியச் சமையல்காரர் நோபு மட்சுஹிசாவின் உணவகம் இருந்தது. அது பெரும் பணக்காரர்களின் கப்பல், நாங்கள் மூன்று நாள் நான்கு நாள் பினாங்கு, புக்கெட் என்று போய் வருகிற கப்பல் என்று என் கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால், ஒரு கட்டு இலைக்கு என்ன பெரும் பணம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை ஒருதலையாகிவிடும். எங்கள் உணவகத்துக்கு நல்ல பெயர். கமெண்ட் கார்டில் மதிப்பெண் எப்போதும் உயரத்தில்தான் இருக்கும். அதே வாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்த லக்சாவையே இரண்டாவது கிண்ணம் கேட்டது. அந்தச் சின்னப் பெண் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். அவர்கள் அதற்கு முன்னால் லக்சா சாப்பிட்டதில்லை. அவர்களுக்கு இதுதான் லக்சா. அவர்களை நான் ஏமாற்றினேனா, சந்தோஷப்படுத்தினேனா? ரசித்துச் சாப்பிட்ட நூறு பேர் ஒரு பக்கம், நான்கு கரண்டியோடு நிறுத்திய ஒருவர் இன்னொரு பக்கம். கணக்குப் பார்த்தால் பெலாச்சான் வாசம் வேண்டாம் என்று ஷெஃப் சொன்ன காரணம்தான் சரி. எனக்கு ஏன் அந்த நான்கு கரண்டி மட்டும் நினைவில் நிற்கிறது என்பதற்குக் கணக்கில் பதில் இல்லை.

நான் சாப்பிடுவேனா என்ற கேள்விக்கு வருகிறேன். சாப்பிட மாட்டேன். ருசி பார்க்க ஒரு கரண்டி எடுப்போம், அவ்வளவுதான். எங்களுடைய சாப்பாடு க்ரூ மெஸ்ஸில். அங்கே இந்தோனேசியாவின் சுராபாயாக்காரர் ஒருவர் வியாழக்கிழமைகளில் சம்பல் பெலாச்சான் வைப்பார். மிளகாயும் பெலாச்சானும் சேர்த்துக் கல்லில் இடித்தது. வெறும் சோற்றிலேயே பிசைந்து இரண்டு தட்டு உள்ளே போகும். அந்த ராத்திரி வியாழக்கிழமை. சம்பல் கீழே இரண்டு தளம் தள்ளி இருந்தது. அந்த ஐயா கரண்டியால் தேடிய வாசம் அதில்தான் இருந்தது. ஓடிப்போய் ஒரு கரண்டி எடுத்து வந்திருக்கலாம்.

அது விதிமீறல். லேபிள் இல்லாத, நேரம் குறிக்காத எதையும் விருந்தாளிக்கு வைக்கக் கூடாது. இறால் ஒத்துக்கொள்ளாதவராக இருந்தால் என்ன செய்வது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கிண்ணத்திலேயே இறால் இருந்ததே! அவர் அதைச் சாப்பிட்டாரே! சரி, சம்பலை விடுங்கள். “இது நம்ம லக்சா மாதிரி இருக்காதும்மா. ஐயாவுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லவா?” என்று மத்தியானமே கேட்டிருக்கலாம். கஞ்சிக்கு எந்த விதியும் தடை இல்லை. அதைச் சொல்லாததற்கு என்னிடம் காரணம் கிடையாது. அந்த மாதம் என் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, கடைக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பினான் என்று பெயர் வரக் கூடாது என்று நினைத்திருக்கலாம். நினைத்தேனா என்றுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை கப்பல் பினாங்கில் நின்றது. அங்கே லக்சா என்றால் புளி போட்ட மீன் குழம்பு, அவர் தேடியது அதுவும் இல்லை. அவர்கள் இறங்கினார்களா என்று தெரியாது. அதன்பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

இப்போது நான் தங்கியிருப்பது வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரர் சமைக்க விடுகிறார், ஆனால் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் மட்டும். போன மாதம் லீவு நாளில் தேக்காவில் இலை, பெலாச்சான், காய்ந்த இறால் எல்லாம் வாங்கி வந்து லக்சா வைத்தேன். அடுப்பைச் சின்னதாக வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தேன். நாற்பது நிமிடத்தில் எண்ணெய் பிரிந்தது. ஓரமாகச் சிவப்பாக ஒதுங்கி நின்றது. அறை நண்பர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

கப்பலில் எனக்கு மத்தியானம் 2 மணிக்கு டியூட்டி. முதல் ஆர்டர் 6 மணிக்கு வரும். கேட்டாலும் தந்திருக்க மாட்டார்கள் என்று இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் ப்ராவிஷன் படிவத்தில் பெலாச்சான் என்றோ லக்சா இலை என்றோ நான் ஒரு தடவைகூட எழுதிக் கேட்டதில்லை.